மாப்பிள்ளை காரில் பெயர் தெரியாத பெட்டி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, நீங்கள் எங்களை நம்பி விட்டுச்சென்ற மின்சாரக் கார் மூவரும் நலம். மூன்றாமவர் நலத்தில் மட்டும் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. போனில் சொன்னால் அத்தை காதில் விழும் என்பதால் கடிதம்.

முப்பத்தாறு வருடம் டீசல் லாரிகளின் வயிற்றுக்குள் கையை விட்டவன் நான். நீங்கள் விமானம் ஏறிய மறுநாளே பானெட்டைத் திறந்தேன், சும்மா பார்க்கத்தான். தொட்டால் ஆளையே தூக்கி அடிக்கும் ஆரஞ்சு ஒயர் பக்கம் போகவில்லை. உங்களுக்குச் செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. ஆனால் முன் பம்பருக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு சின்ன ஒயர், பேரும் இல்லை ஊரும் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "இது என்னங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. "கரண்ட்டைச் சுத்தம் பண்ற ஃபில்டர்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, அது என்னவென்று கண்டுபிடிக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். ஒரு சாமான் என்னவென்று தெரியவில்லையா, கழற்று. வண்டியில் எது நிற்கிறதோ அதுதான் அதன் வேலை. அப்படியே பிளக்கை உருவினேன். வண்டி ஓடியது, விளக்கு எரிந்தது, ஏசி குளிர்ந்தது, ஹாரன் அடித்தது, வைப்பர் ஆடியது. எதுவுமே நிற்கவில்லை. வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறவரை ஆபீசில் பார்த்திருக்கிறேன், பானெட்டுக்குள் பார்த்ததில்லை. நின்றது என் தூக்கம் மட்டும்தான்.

நாலாம் நாள்தான் ஒரு வித்தியாசம் தெரிந்தது. தெருவில் ஒருத்தரும் வழி விடவில்லை. தபால்காரர் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்திப் போன் பேசுகிறார், நாய் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக் கொட்டாவி விடுகிறது. கடைத்தெருவில் அத்தையும் டீச்சரும் பையோடு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். ஏற்றிக்கொள்ளலாம் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் பின்னால் போனேன். அத்தை சொல்கிறாள்: "அவருக்கு இந்தக் காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது டீச்சர். தெரிஞ்ச மாதிரி நடிக்கிறாரு. நீங்க கேள்வி மட்டும் கேட்காதீங்க, பாவம், மனுஷன் சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கிறாரு." இருபதடி தூரம் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். மனசு விட்டுப்போச்சு மாப்பிள்ளை.

பெட்டி என்னவென்றும் அப்போதுதான் புரிந்தது. மெதுவாகப் போகும்போது 'உய்ங்' என்று ஒரு சத்தம் வருமே, அதன் ஸ்பீக்கர். வண்டி வருது, பேச்சை நிறுத்து என்று ஊருக்குச் சொல்லும் சாமான். அன்றைக்கே மாட்டிவிட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊர் திரும்பியதும் டீச்சர் காதுபட, "மாமா சொன்னது சரிதான், அது ஃபில்டர்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த வயசுக்கு மேல் தோற்றுப்போக எனக்குத் தெம்பில்லை.

நீங்களும் மகளும் பேட்டரி குறையாமல் நீடூழி வாழ்க.

அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: ஒட்டுவதற்குப் பசை கேட்டதில் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். நான் பின்னால் வந்ததைக் கடைக் கண்ணாடியில் பார்த்தாளாம். பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சையே எடுத்தாளாம். "நேர்ல சொன்னா எப்ப கேட்டிருக்கீங்க?" என்கிறாள். பெட்டியை மறுபடி கழற்றச் சொல்லியிருக்கிறாள். இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறதாம்.