வெயிலில் தேய்த்த ஒரே சட்டை

திருப்பூரில் பனியனுக்கு அடுத்தபடியாக அதிகம் உற்பத்தியாகும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்: சாம்பிள்காரர். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்புதலுக்காக, இருப்பதிலேயே நல்ல துணியில், இருப்பதிலேயே நல்ல டெய்லரை உட்காரவைத்து ஒரே ஒரு சட்டை தைப்பார்கள் அல்லவா? அதுதான் சாம்பிள். அதன்பிறகு ஆயிரக்கணக்கில் தைக்க வேண்டும். சாம்பிள்காரருக்கு அந்த இரண்டாவது வேலையில் ஆர்வம் கிடையாது.

நல்லூரில் கம்பெனி நடத்தும் தரணீதரனைப் பாருங்கள். மாற்று எரிசக்தி ஆராய்ச்சிக்கென்று கடல் கடந்த ஓர் அரசாங்கம் தன் மக்களின் வரிப்பணத்தை அவருக்கு ஒதுக்கியது. விறகு பாய்லரை விட்டுவிட்டு, வெயிலில் உண்டாகும் நீராவியால் துணி தேய்க்க முடியுமா என்பது ஆராய்ச்சி. மொட்டை மாடிக்குக் கண்ணாடிகள் வந்தன, கண்ணாடியிலிருந்து குழாய் வந்தது, குழாயின் முனையில் ஒரு மேசை வந்தது, மேசைக்கு ஒரு விசிறி, விசிறிக்குக் கீழே ஒரு பூந்தொட்டி, பூந்தொட்டியில் அந்த நாட்டுக் கொடி. வெயில் தன் பங்கைச் செய்தது. ஆராய்ச்சி வெற்றி.

அந்த மேசையில் நிற்பவர் அனுசுயா, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். விருந்தினர் வரும் நாளில் மட்டும் அங்கே நிற்பார். மற்ற நாட்களில் விறகு பாய்லரை ஒட்டிய பழைய மேசை. அனல் தாங்காமல் இந்தக் கோடையில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார்.

"சூரிய மகாராணி கெளம்பியாச்சா?" என்பார் பக்கத்து மேசை ஜெயபாண்டி.

"இருய்யா, ஒனக்கும் கொழாய் வரும்."

அனுசுயா அதை உண்மையாகவே நம்பினார்.

சென்ற மாதம், நிதியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவுசெய்ய அந்த நாட்டிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அனுசுயா தேய்த்தார். அம்மையார் இன்னொரு முறை பார்க்க விரும்பினார். ஆனால் அந்த மேசைக்கு இருந்தது ஒரே சட்டைதான். முதல் நாளிலிருந்து அதையே தேய்த்துத் தேய்த்து, சுருங்குவது எப்படி என்பதையே அது மறந்திருந்தது. தரணீதரனே வாங்கிக் கசக்கிக் கொடுத்தார்.

"இவருக்கு என்ன வேண்டும்?" என்று அனுசுயாவைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார் அம்மையார். தரணீதரன் அதைத் தமிழில் சொன்னார்.

அனுசுயா யோசிக்கவில்லை. "மத்த டேபிளுக்கும் இந்த ஸ்டீம் வருமா சார்? பாய்லர் பக்கத்துல நிக்க முடியல."

இந்தக் கண்டுபிடிப்பு உலகமெல்லாம் பரவ வேண்டும் என்று இவர் ஆசைப்படுவதாகத் தரணீதரன் ஆங்கிலத்தில் தெரிவித்தார். அம்மையாருக்குக் கண் கலங்கியது. நிதி தொடர்ந்தது. எதற்கு? இதைவிட நல்ல கண்ணாடிகளோடு, இன்னொரு சாம்பிள் மேசைக்கு.

"அப்ப அந்தப் பழைய கொழாயவாவது எங்க பக்கம் திருப்பி விடலாமே சார்?" என்றார் ஜெயபாண்டி.

"அவசரப்படாத கண்ணு. மொதல்ல புது சாம்பிள் அப்ரூவல் ஆகோணுமல்லோ?"

அனுசுயா பாய்லர் பக்கம் திரும்பிப் போனார்.

தரணீதரனைத் திட்டுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒரே ஒரு பிள்ளையைப் பட்டம் படிக்கவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் ஆங்கிலம் பேசிக் காட்டச் சொல்லி, அந்தப் பெருமையிலேயே அடுத்த பிள்ளையை மறந்துபோனவர் யாரும் உங்களில் இல்லையே? கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு. எங்கள் வீட்டு சாம்பிள் நான்தான். அனுசுயாவுக்கு எதிர் மேசையில் தேய்ப்பவள் என் தங்கை.