கட்டத்தாள் அண்ணையின் வெற்றுப் பெட்டி

யாழ்ப்பாணத்தில் வேலிக்காகச் சண்டை பிடிக்காத குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள், விழுந்து கும்பிடுகிறேன். ஆனால் ஒரு தாளின் ஓரத்தில் இருக்கும் வெற்றிடத்துக்காக மேலதிகாரியோடும், சக ஊழியரோடும், கடைசியில் பிரிண்டரோடும் சண்டை பிடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கட்டத்தாள் அண்ணை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தீவுப்பகுதிக்கான குடிநீர்த் திட்டம் ஒன்று வெளிநாட்டு உதவியோடு ஊர்காவற்றுறையில் தொடங்கியிருந்தது. நான் அதன் அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், தட்டெழுத்து வேலை பார்த்தேன். வேலணையிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். திட்டத்தோடு சேர்த்து ஒரு கொம்பியூட்டரையும் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கென்று ஒரு தனி அறை, அதற்கென்று ஒரு மின்விசிறி. கந்தோரில் வேறு ஒருவருக்கும் மின்விசிறி கிடையாது. அந்தப் பெட்டியின் மீது எங்கள் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். அதை இயக்கத் தெரிந்த ஆளைத் தேடியபோது அகப்பட்டவர்தான் அண்ணை.

அவர் இறுப்பிட்டிக்காரர். கொழும்பில் ஒரு கம்பனியின் கொம்பியூட்டர் பகுதியில் வேலை செய்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் குடியிருந்த வீடு எரிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நகையை முடிந்துகொண்டு வந்தார்கள். இவர் உடுக்கும் சாரத்தில் சுற்றிய ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்தார். முழுக்கக் கட்டம் போட்ட தாள். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். பிரிண்டரில் ஒரு றிப்போட் எப்படி வந்து விழும் என்பதை முதலில் அந்தக் கட்டங்களுக்குள் பென்சிலால் எழுதிப் பார்ப்பார். வீட்டை எரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியவில்லை, அதனால்தான் தப்பியது என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்த பிறகு எங்களுக்கும் சிரிக்கலாம் போல இருக்கும்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு அதை ஒப்புவித்தார்.

"றிப்போட் எண்டது வாசிக்கிற ஆளின்ரை கேள்விக்கு மறுமொழி. மறுமொழி மேலை நிக்கோணும். மிச்சமெல்லாம் சாட்சி, அதுகள் கீழை நிண்டால் போதும்."

இந்தக் கொள்கையை அவர் கந்தோரோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவருடைய உறவினர் ஒருவர் காலமானபோது மரண அறிவித்தலை எழுதித் தரும்படி கேட்டுவிட்டார்கள். அண்ணை எழுதிக் கொடுத்ததில் தகனம் எத்தனை மணிக்கு, எந்தச் சுடலையில் என்பது உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்தது. செத்தவரின் பெயர் அடியில், மருமக்கள் பெறாமக்களுக்கும் கீழே இருந்தது. வீட்டுக்காரர் கொதித்துப் போனார்கள். ஆர் செத்தது என்று ஊருக்கே தெரியும், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதுதானே தெரியாது என்று அண்ணை விளக்கம் சொன்னார். அந்தச் செத்தவீட்டுக்கு ஒருவரும் பிந்தி வரவில்லை என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

மத்தியானம் அவர் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வருவார்கள். புட்டு நடுவில், சம்பல் ஒரு பக்கம், கறி மற்றப் பக்கம், சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகல இடம் வெறுமையாக. கறி ஓடிப்போய்ப் புட்டில் தொட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க மனிதர் பேசமாட்டார்.

அந்த வருடம் கோடை கடுமையாக இருக்கும் என்று தெரிந்ததும் ஒரு தண்ணீர் வள்ளம் ஓட விடுவதாகத் தீர்மானித்தார்கள். தாங்கிகளில் நல்ல தண்ணீரை ஏற்றிப் போய்த் தீவொன்றில் இறக்கும் வள்ளம். சிக்கல் என்னவென்றால் வள்ளம் ஒன்றுதான், அதனால் ஒரு தீவுக்குத்தான் போக முடியும். எந்தத் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு குறைவோ அந்தத் தீவுக்கு அது போகும். அதைக் காட்டும் றிப்போட்டை அண்ணை செய்ய வேண்டும். அதைப் பார்த்து யாழ்ப்பாணத்திலிருக்கும் திட்டப் பணிப்பாளர் முடிவெடுப்பார்.

வேறு யாராவது என்றால் உடனே கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருப்பார்கள். அண்ணை, தண்ணீருக்குக் காத்திருக்கிற சனமும் இதை வாசிக்கப் போகிறவர்கள்தான், அவர்களை முதலில் பார்க்க வேண்டும் என்று குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, எல்லாவற்றிலும் தூரத்தில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போனார். கிணற்றுக்காரரின் பெயர்களைப் பதிய என்னையும் கூட்டிப்போனார். வள்ளம் ஆடிய ஆட்டத்தில் போகிற வழி முழுக்கச் சத்தியெடுத்தார். கரையில் இறங்கியதும் அங்குள்ள பவளக்கல் மதில்களைக் கண்டு உயிர் வந்துவிட்டது. ஒவ்வொரு வளவுக்கும் நாலு பக்கமும் எவ்வளவு வடிவாக மார்ஜின் விட்டிருக்கிறார்கள் பாரும் பிள்ளை என்று ஒவ்வொரு மதிலாகத் தடவிக்கொண்டு நடந்தார்.

மேற்குக் கரையில் செசிலி அக்காவைச் சந்தித்தோம். கணவர் கடலுக்குப் போகிறவர். வீட்டுக்குக் கிட்ட உள்ள கிணறு கோடை தொடங்கியதும் உவர்த்துவிடும். பிறகு விடிய முன்னமே குடத்தோடு நெடுந்தூரம் நடந்து, ஊரே பங்கு வைத்திருக்கும் ஒரு நல்ல கிணற்றில் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். றிப்போட்டில் என்னென்ன விபரம் வேண்டும் என்று அண்ணை அவரிடம் பணிவாகக் கேட்டார். செசிலி அக்கா இடுப்புக் குடத்தைக் கூட இறக்கவில்லை.

"தம்பி, எனக்கு உங்கடை விபரம் ஒண்டும் வேண்டாம். தண்ணி வருமோ வராதோ, அதை மட்டும் எழுதி விடுங்கோ. வருமெண்டால் நான் விடியக் கொஞ்சம் படுப்பன்."

அண்ணை அந்த இடத்திலேயே ஒரு புதுக் கட்டத்தாளை எடுத்து, உச்சியில் ஒரு பெரிய பெட்டி வரைந்தார். பெட்டிக்குள் ஒன்றும் எழுதவில்லை. இது செசிலி அக்காவின் றிப்போட் என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கந்தோருக்குத் திரும்பியதும் வேலை தொடங்கியது. கொம்பியூட்டருக்குள் மூன்று அட்டவணைகள். ஒன்றில் கிணறுகள், ஒன்றில் ஆட்கள், மற்றதில் எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்பது. மூன்றையும் கோத்து ஒரே றிப்போட்டாக எடுக்க வேண்டும். அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பெயர் வரவேண்டிய இடங்களை அண்ணை வெறுமையாக விடுவார், நான் பேனையால் நிரப்ப வேண்டும். ஒரு கொம்பு, ஒரு சுழி கோட்டுக்கு வெளியே போனாலும் திரும்ப எழுத வேண்டும். ஒருமுறை ஒரு நீளமான பெயர் அடங்கவில்லை. சுருக்கலாமா என்று கேட்டேன்.

"எங்களைக் கேட்டோ அந்தாளுக்குப் பேர் வைச்சவை? பெட்டியைப் பெருப்பிப்பம்," என்று சொல்லி முழுப் பக்கத்தையும் திரும்ப வரைந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் கோபம் வருவது குறைந்தது.

றிப்போட் வந்தது. அப்படி ஒரு வடிவான தாளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு பிரதி யாழ்ப்பாணத்துக்குப் போனது. இன்னொன்று, பெயர்களில் பிழை இருந்தால் சனம் சொல்லட்டும் என்று நெடுந்தீவு இறங்குதுறையில் ஒட்டப்பட்டது.

சில நாட்களில் பணிப்பாளர் தொலைபேசியில் பேசினார். நல்ல சந்தோசத்தில் இருந்தார். நெடுந்தீவில் இவ்வளவு நல்ல கிணறுகள் இருப்பது தனக்கு இத்தனை நாளும் தெரியாமல் போய்விட்டதாம். தண்ணீர் வள்ளத்தை வேறு தீவுக்கு விடப் போவதாகச் சொன்னார். அண்ணை றிசீவரை வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து செசிலி அக்காவின் தாளை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். தன்னுடைய றிப்போட் பிழைக்காது என்று அவருக்கு நம்பிக்கை. அந்தப் பெண் குடத்தோடு நடப்பதையும் கண்ணால் கண்டுவிட்டார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாமல் மனிதர் அன்றைக்குப் புட்டையும் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து நெடுந்தீவிலிருந்து இரண்டு பேர் கந்தோருக்கு வந்தார்கள். கந்தையர், நாகமுத்தர். ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒரே வள்ளத்தில் ஒருவர் முன்பக்கமும் மற்றவர் பின்பக்கமுமாக இருந்து வந்தவர்கள். எத்தனையோ வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் மேசைக்கு முன்னால் நின்று ஒருவர் கிழக்குச் சுவரைப் பார்த்தார், மற்றவர் மேற்குச் சுவரைப் பார்த்தார்.

"பிள்ளை, எனக்குத் தெரியாமல் எப்ப ரெண்டாம் கிணறு வெட்டினவர் எண்டு அவரிட்டைக் கேளும்," என்றார் கந்தையர்.

"அதைக் கேக்கத்தான் நானும் வந்தனான் எண்டு அவரிட்டைச் சொல்லும்," என்றார் நாகமுத்தர்.

இறங்குதுறையில் ஒட்டிய தாளில் கந்தையர் பெயருக்கு நேரே ஒரு கிணறு இருந்ததாம். நாகமுத்தர் பெயருக்கு நேரே இன்னொரு கிணறாம். அண்ணை அறையிலிருந்து எழும்பி வந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் உண்மையில் எத்தனை கிணறு என்று கேட்டார்.

"ஒண்டு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். ஒரு பேச்சில் அவர்கள் ஒத்துப்போனது அந்தத் தலைமுறையில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

அண்ணை றிப்போட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு பேர் பங்கு வைத்த கிணறு இரண்டு தரம் வந்திருந்தது. நாலு பேர் பங்கு வைத்தது நாலு தரம். செசிலி அக்கா போகும் கிணறு பக்கம் பக்கமாக வந்திருந்தது. அட்டவணைகளைக் கோத்தபோது பங்காளி ஒவ்வொருவருக்கும் ஒரு கிணறு என்று கொம்பியூட்டர் எண்ணிவிட்டது. கொழும்புக் கம்பனியில் ஒரு சாமானுக்கு ஒரு சொந்தக்காரர்தான். எங்கள் தீவுகளில் தனி ஒருவருக்குச் சொந்தமான கிணற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதிலும் நல்ல தண்ணீர் எங்கே குறைவோ அங்கேதான் ஒரு கிணற்றுக்குப் பங்காளிகள் அதிகம். பங்காளிகள் கூடக்கூட எங்கள் தாளில் கிணறும் கூடியிருக்கிறது. காய்ந்து கிடந்த நெடுந்தீவை எங்கள் றிப்போட் கிணறுகளால் நிரப்பிவிட்டது.

அண்ணை வந்தவர்களுக்குத் தேத்தண்ணி சொல்லிவிட்டு அறைக்குள் போனார். புதிதாக ஒரு கட்டத்தாளை விரித்தார். இந்தமுறை கிணறு தலைப்பாக மேலே. பங்காளிகள் அதன் கீழே வரிசையாக. எண்ணுவது தலைப்பை மட்டும். எல்லாம் சரியாக வந்தபோது புதுப் பிரச்சினை ஒன்று முளைத்தது. கந்தையரும் நாகமுத்தரும் இப்போது ஒரே கிணற்றின் கீழே வந்துவிட்டார்கள். யாருடைய பெயர் மேலே, யாருடையது கீழே என்று இருவரும் சுவர்களிடம் முறையிட்டார்கள். அண்ணை இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வைத்தார்.

"நடுவிலை நல்ல இடம் விட்டிருக்கிறன். ஒருத்தரோடை ஒருத்தர் முட்டமாட்டியள்."

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். திருப்தியாகத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வந்தது போலவே வள்ளத்தின் இரண்டு பக்கமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அண்ணையும் நானும் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போனோம். பணிப்பாளருக்கு எங்களைக் கண்டதும் எரிச்சல். முடிவை நாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது, இனி எப்படி மாற்றுவது என்றார். முதல் தந்த றிப்போட் நல்ல வடிவாக இருந்ததே, அது எப்படிப் பிழையாகும் என்றும் கேட்டார்.

"வடிவும் என்ரை, பிழையும் என்ரை, சேர்," என்றார் அண்ணை. வெற்றிடத்துக்காக யாரோடும் மல்லுக்கு நின்ற மனிதர் அப்படித் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பணிப்பாளர் புதுத் தாளை வாங்கிப் பார்த்தார். உச்சியில் நெடுந்தீவின் பெயர். நல்ல தண்ணீர்க் கிணறுகள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருந்தன. இதையாவது எப்படி நம்புவது என்று கேட்டார்.

"ரெண்டு பங்காளியள் ஒத்துக்கொண்ட கணக்கு, சேர். யாழ்ப்பாணத்திலை இதுக்கு மேலை சாட்சி கிடையாது."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவருக்கும் ஊரில் ஒரு பங்குக் கிணறு இருந்ததாம். சொல்லியிருந்த நாலு பேரையும் தானே கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லி, அந்தத் தாளின் ஓரத்திலேயே கையெழுத்து வைத்தார். மார்ஜினில் மை பட்டது. அண்ணை அதற்கு நன்றி சொன்னார்.

கந்தோருக்கு வந்து சேர்ந்ததும் கவிழ்த்து வைத்த தாளை அண்ணை திருப்பினார். வெற்றுப் பெட்டி அப்படியே இருந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

"எழுதும் பிள்ளை."

"எத்தினை கட்டத்துக்குள்ளை அண்ணை?"

"கட்டத்தைப் பாக்காதையும். தூரத்திலை குடத்தோடை வாற ஆளுக்குத் தெரியோணும்."

'வரும்' என்று எழுதினேன். பெரிதாக எழுதப் போய் எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. திரும்ப எழுதச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு மெதுவாக ஊதி மையைக் காயவைத்தார்.

அந்த ஒற்றைச் சொல் நெடுந்தீவு இறங்குதுறையில் அந்தக் கோடை முழுக்க ஒட்டியிருந்தது. முதல் வள்ளம் வந்த மறுநாள் செசிலி அக்கா விடிந்த பிறகும் படுத்திருந்தாராம். அதைக் கேட்ட அன்று அண்ணை புட்டையும் கறியையும் ஒன்றாகக் குழைத்துச் சாப்பிட்டார். கந்தோரே எழும்பி நின்று பார்த்தது.

எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் உச்சியில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நான் இப்போதும் தொடங்குகிறேன். என் கதைகளைப் போடும் பத்திரிகைக்காரர் ஏன் இடத்தை வீணாக்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நல்ல செய்தி வரும்போது எழுத இடம் வேண்டாமா, அண்ணை?