தாழிக்குள் இருந்தவளுக்கு அழுத கதை

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒப்பாரியில் என்னை மிஞ்ச நன்னிலம் பக்கத்தில் ஆள் கிடையாது. (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) அந்தக் குரல்தான் என் மூத்தவள் செல்வியின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

வலங்கைமானிலிருந்து வரன். பையன் தாலுகா ஆபீசில் வேலை. நாற்றுப் பறிக்கிற எங்களுக்கு எட்டாத இடம். பையனின் அம்மாவோ பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர். "வீட்டுக்கு வந்து பாத்துட்டு வேணாம்னா பொண்ணுக்குக் கஷ்டம். நாகப்பட்டினம் துறைமுகம் பாக்கப் போறாப்புல ரெண்டு குடும்பமும் போவோம்" என்றார்.

பஸ்ஸிலேயே என் வீட்டுக்காரர் எச்சரித்தார். "சகுனம் பாக்குற அம்மா. நானே வாயத் தொறக்கல, நீயும் தொறக்காத." கட்சி மேடையில் சகுனத்தைக் கிழிக்கிற மனுஷர், பாவம்.

பழைய துறைமுகம், கலங்கரை விளக்கம் எல்லாம் சுற்றினோம். அந்தம்மா செல்வியின் நடையைப் பார்த்தார். நான் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கடலை ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு மியூசியம். நங்கூரம், பீரங்கி தாண்டிக் கடைசி அறையில், கண்ணாடிக்குள் ஒரு பெரிய மண் தாழி. பக்கத்தில் மண்டை ஓடும் எலும்பும்.

"யாரு இது?" என்று காவல்காரரைக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல செத்தவங்கள இதுல வச்சுப் பொதைப்பாங்கம்மா. இது ஒரு பொம்பள."

"சொந்தக்காரங்க?"

"யாருமில்ல."

ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். ஜனம் சுண்டல் தின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போகிறது. எங்கள் தெருவில் யார் செத்தாலும் ஒரு பாட்டம் அழாமல் எழுந்து வரமாட்டோம். என் கால் தானாக மடிந்தது. "கடலோரம் வந்த அக்கா, கண்ணாடியில ஏன் படுத்த" என்று எடுத்தேன். அடுத்த அடியில் என் சொந்த அக்காவே வந்துவிட்டாள். கூலி உயர்வு கேட்டுச் சண்டை நடந்த வருஷம் அடிபட்டு ஆஸ்பத்திரியில் செத்தவள். கலவரம் வரும் என்று பிணத்தை ஊருக்குக் கொண்டுவர போலீஸ் விடவில்லை. அன்றைக்கு அடக்கிய அழுகை மொத்தமும் மாரில் அடித்துக்கொண்டு வெளியே வந்தது.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ சோடா உடைத்தார். "இங்க அழக் கூடாதும்மா" என்ற காவல்காரர், அப்படி எழுதியிருக்கிறதா என்று சுவரில் தேடினார். (தொடக் கூடாது என்றுதான் இருந்தது.)

"போச்சு. பொண்ணு பாக்க வந்த எடத்துல ஒப்பாரி" என்று பல்லைக் கடித்தார் வீட்டுக்காரர். செல்வி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தம்மா என்னை நோக்கி வந்தார், முகம் கல்லாக.

வந்தவர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். என் தோளைக் கட்டிக்கொண்டு அடுத்த அடியை அவர் எடுத்தார். ஒருத்தி அழும்போது இன்னொருத்தி நின்று பார்ப்பது அவர்கள் ஊரிலும் கிடையாதாம். குரல் என்னைவிட ஒரு பிடி மேல். (இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.)

மூக்கைச் சிந்தி எழுந்தவரிடம், என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "சகுனம்..." என்றார், வாழ்க்கையில் முதல்முறையாகச் சகுனத்துக்குப் பயந்து.

"பொணம் எதுக்க வந்தா நல்ல சகுனந்தானங்க" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் யாராவது வரன் பார்க்கக் கிளம்பினால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள்: "மியூசியம் தொறந்திருக்கா?"

எழுத்துக் கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன். செல்வி மகள் மலர் பக்கத்தில்தான் இருக்கிறாள். மலரு, எங்க, ஒருதரம் திருப்பி வாசி. ஒங்கப்பாவப் பெத்த அப்பாயி குரலு ஒசத்தின்னு வர்ற எடத்த மட்டும் மெதுவா வாசி. அவங்க உள்ளதான் சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க.