கரடி தூங்கக் கூடாது

அன்புள்ள லிடியா சித்திக்கு,

கோரா எழுதுகிறேன். நீங்களும் சித்தப்பாவும் பூனையும் பாஸ்டனில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சௌக்கியம், இன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அப்பா சௌக்கியம், குறட்டைச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது. நான் மட்டும் சௌக்கியமில்லை. போர்வைக்குள் மடிக்கணினியை வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குள் எனக்கு ஒரு பெயர் வேண்டும் சித்தி. நீங்கள் வேலை பார்ப்பது அந்தத் துறையில்தானே. இணையப்பக்கங்களைத் தன் கணினியில் வைத்து நடத்தித் தருகிற, தூங்காத ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றின் பெயர்.

நீங்கள் ஊரை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். மெரில் ஏரியின் பனி எந்த நாள், எந்த நிமிடம் உடையும் என்று ஊரே சீட்டு வாங்கி ஊகிக்கும் போட்டி இன்னும் நடக்கிறது. அதே கான்கிரீட் கல்தான் பனிமேல் உட்கார்ந்திருக்கிறது. ஏரிக்கரையில் கில்மன் வீட்டு முகப்பில் மாட்டிய கடிகாரத்தின் பிளக்கில் கட்டிய கம்பிதான் அந்தக் கல்லிலும் கட்டியிருக்கிறது. பனி உடைந்தால் கல் மூழ்கும், கம்பி இழுக்கும், பிளக் பிடுங்கிக்கொள்ளும், கடிகாரம் நிற்கும். நின்ற நேரத்துக்கு மிக அருகில் ஊகித்தவருக்குப் பரிசு, இந்த வருடம் ஒரு பச்சைத் துடுப்புப்படகு. இத்தனை நாளும் "கடிகாரம் ஓடுதா?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் போனில் பதில் சொல்லிச் சலித்துப்போன கில்மன், சேறு காயும்வரை திரும்பமாட்டேன் என்று ஃப்ளோரிடா போய்விட்டார். அதனால் ஆஸ்ட்ராண்டர் டீச்சர் என்னிடம், "கோரா, உன் புரோகிராமிங் பிராஜெக்ட் இதுதான்," என்றார். அதே பிளக்கில் ஒரு குட்டிப் பெட்டியைச் சேர்த்து மாட்டினேன். அது நேரத்தை அனுப்பும், என் இணையப்பக்கத்தில் கடிகாரம் ஓடும். அங்கே நின்றால் இங்கேயும் நிற்கும்.

பக்கத்தை எங்கே வைப்பது என்பதற்கு மூன்று கம்பெனிகளை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னார் டீச்சர். முதல் கம்பெனி அப்பாவின் கார்டு எண்ணைக் கேட்டது. இரண்டாவது கேட்ட கேள்விகள் எனக்கே புரியவில்லை. மூன்றாவது கரடிக்குகை, என்றென்றும் இலவசம், முதல் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கரடி கையாட்டிக்கொண்டிருந்தது. இப்படிக் கம்பெனி தேர்ந்தெடுப்பது எப்படி என்று கிறிஸ்துமஸ் விருந்தில் நீங்கள் சொன்னீர்கள்: "யாரும் பாக்காத நேரத்துல அது என்ன பண்ணும்னு கேளு, கோரா. அது ஒண்ணு கேட்டாப் போதும்." அப்போது என் வாய் நிறைய ஆப்பிள் பை, தலையை ஆட்டிவிட்டேன். கடைசியில் நான் எழுதியது இரண்டே வரி. இலவசம். கரடி அழகாக இருக்கிறது.

(ஒரு நிமிடம் சித்தி. கரடியை எழுப்பிவிட்டு வந்தேன். காரணம் பின்னால் வரும்.)

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்ச்சின் நிலவறையில் மேப்பிள் மரப்பாகு விருந்து. பனிமேல் ஊற்றிய சூடான பாகு, டோனட், திகட்டாமலிருக்க ஊறவைத்த வெள்ளரிக்காய், எல்லாம் எப்போதும்போல. கற்சுவருக்குள் ஒருவர் போனிலும் சிக்னல் கிடையாது. ஊரே அங்கேதான் இருந்தது. விருந்து முடிந்து வெளியே வந்து முதலில் போனைப் பார்த்தவர் ரோலண்ட் மாமா, எங்கள் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். கடிகாரம் நின்றிருந்தது. நின்ற நேரம் அவர் சீட்டில் எழுதிய நேரம். ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. அவ்வளவு பருத்த மனுஷர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொறந்ததுலேருந்து சீட்டு வாங்குறேன், கிட்டக்கூட வந்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா என் தோளில் கைபோட்டு எல்லோரிடமும், "எம் பொண்ணு செஞ்ச கடிகாரம், பிசகவே பிசகாது," என்றார். ஏரிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால்தானே? ஏரிச் சாலை முழுக்க வண்டி அச்சு முங்கும் சேறு, திங்கட்கிழமையே தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். மேட்டுக்கு இந்தப்பக்கமிருந்து ஏரியும் தெரியாது.

நான் வீட்டுக்கு ஓடிவந்து மடிக்கணினியைத் திறந்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி, நின்ற கடிகாரம் எப்படி ஓடும்? கரடிக்குகையின் நிபந்தனைகளை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். ஏழாவது பக்கத்தில் பொடி எழுத்தில், அரைமணி நேரம் யாரும் வந்து பார்க்காவிட்டால் இலவசப் பக்கங்கள் உறங்கிவிடும் என்று போட்டிருந்தது. ஊரே நிலவறையில் பாகு நக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தை யார் பார்த்திருப்பார்கள்? கரடி தூங்கிவிட்டது, கடிகாரமும் நின்றுவிட்டது. அது ஒரு கரடி என்பதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஏரியில் பனி அப்படியே இருக்கிறது. ஓடும் கடிகாரத்தை யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில், நின்ற நேரம் மட்டுமே தெரியும்படி பக்கத்தை மாற்றி ஏற்றிவிட்டேன். கூடவே 'வாழ்த்துகள் ரோலண்ட்' என்று ஒரு வரியும். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். கை தானாகச் செய்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் ரோலண்ட் மாமா எல்லோருக்கும் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார். என் முறை வந்தபோது இரண்டு. இறங்கப் போனவளை நிறுத்தி, "ஏம்மா கோரா, படகுக்குப் பேர் வெச்சாச்சு, என்னன்னு கேளு," என்றார். நான் சாக்லேட்டைப் பிரித்தேன். அவரே சொன்னார். என் பெயர். வெள்ளைப் பெயின்டில், இரண்டு பக்கமும்.

சாலை காய்ந்துவிட்டதாம். நாளைக் காலை தடுப்பை எடுக்கிறார்கள், எட்டரை மணிக்குப் படகு விடுகிறார்கள், பள்ளி பேண்டு வாத்தியத்தோடு. ஏப்ரல் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேலே கெட்டி, உள்ளே பஞ்சு. காலை மூடுபனியில் எது தண்ணீர், எது பனி என்று தெரியாது. ரோலண்ட் மாமா ஆசையில் முன்பின் பாராமல் காலை வைப்பார். அவர் எடைக்கு அது தாங்காது. சாப்பாட்டு மேஜையில் அப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன், உருளைக்கிழங்கு வேணுமா என்றார், வேணும் என்றேன்.

அதனால் ஒரு அறிவிப்பு எழுதிவிட்டேன். காலை எட்டு மணிக்குத் தானாக வெளியாகும், பக்கத்தில் பதிந்துகொண்ட எல்லோர் போனிலும் மணி அடிக்கும், கேட்காமல் போனால் என்ன செய்வது என்று கால்மணிக்கு ஒருமுறை திரும்பவும் அடிக்கும்படி வைத்திருக்கிறேன். இப்போதே போட்டிருக்கலாம்தான். ஆனால் மணி அடித்ததும் முதலில் எழுவது அப்பா, அவர் கட்டிலிலிருந்து என் கட்டிலுக்கு நாலு அடி. எட்டு மணிக்கு எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும், முகத்தை மூடிப் படுத்திருப்பேன்.

ஆனால் எட்டு மணிக்குக் கரடி தூங்கிக்கொண்டிருந்தால்? அதுதான் சித்தி என் கவலையெல்லாம். கரடிக்குகைக்கே எழுதிக் கேட்டேன். பதில் உடனே வந்தது, மனிதர் எழுதியதுபோல் தெரியவில்லை. உங்கள் பக்கம் விழித்திருக்க வேண்டுமானால் யாராவது வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இனிய நாளாக அமையட்டும் என்று. ஆகவே படுத்ததிலிருந்து நானே போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். (இதோ, இன்னொரு தடவை.) நான் தூங்கினால் அது தூங்கும், அது தூங்கினால் ரோலண்ட் மாமா முங்குவார். எவ்வளவு பணமானாலும் சரி, பனிச்சறுக்குக்குச் சேர்த்ததைத் தருகிறேன். நல்ல கம்பெனி ஒன்று சொல்லுங்கள். நடுராத்திரியில் போன் செய்தால் மனுஷக் குரல் எடுக்கிற கம்பெனி. விளம்பரத்தில் மிருகம் எதுவும் இல்லாத கம்பெனி.

சித்தப்பாவுக்கு என் அன்பு. பூனைக்கு ஒரு தடவல். கிறிஸ்துமஸுக்கு மறுபடி வந்தால் ஆப்பிள் பையை வாயில் போடாமல் நீங்கள் சொல்வதைக் கேட்பேன். கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும், முடிந்தால் காலை எட்டரைக்குள் என்னையும். அம்மாவிடம் தயவுசெய்து மூச்சு விடாதீர்கள்.

உங்கள்
கோரா

பின்குறிப்பு: இதை நேற்று இரவு அனுப்பவேயில்லை. அனுப்பும் பொத்தானுக்கு விரல் போவதற்குள் தூங்கிவிட்டேன். விடிவதற்கு முன்பே அப்பா போர்வையை உருவி, படகுத்துறைப் பலகைகளைப் பிடிக்க ஆள் வேணும் என்று வண்டியில் ஏற்றிவிட்டார். காய்ச்சல் என்றேன், தொட்டுப் பார்த்தார், "ஏறு," என்றார். மேட்டைத் தாண்டியதும் ஏரி. முழுக்கத் தண்ணீர், சித்தி. ஒரு துண்டுப் பனி இல்லை. கில்மன் வீட்டு முகப்பில் பிளக் தரையில் கிடந்தது, கடிகாரம் செவ்வாய்க்கிழமை ரோலண்ட் மாமாவின் நிமிடத்திலேயே நின்றிருந்தது. கரடி தூங்கவே இல்லை. அன்று என் மடிக்கணினியில் ஓடியது நான் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த நகல். அது ஏரியைக் கேட்காது, மடிக்கணினியின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடும். எதைத் திறந்தேன் என்று நான் பார்க்கவில்லை.

அறிவிப்பை நிறுத்த எனக்குப் போன் கிடையாது, கரடிக்குகையின் கடவுச்சொல் வீட்டு மடிக்கணினியில். ரோலண்ட் மாமா எட்டரை வரை பொறுக்க முடியாமல் முன்னதாகவே படகை இறக்கி, பேண்டு வாசிக்க வாசிக்க ஏரி நடுவில் இருந்தார். கரையில் ஆளாளுக்கு என் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததால் கரடி நன்றாக விழித்திருந்தது. சரியாக எட்டு மணிக்கு, ஒரு நொடி தப்பாமல், கரையிலிருந்த அத்தனை போனும் மணி அடித்தது. பேண்டு நின்றது. ரோலண்ட் மாமா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தன் போனை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "ஏரி இன்னும் உறைந்தே இருக்கிறது. ரோலண்ட் மாமா பனிமேல் கால் வைக்க வேண்டாம். கரடி தூங்கிவிட்டது. மன்னிக்கவும். கோரா பெல்க்கி, ஏழாம் வகுப்பு."

பிறகு படகின் இந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார், அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார். கையைத் தண்ணீரில் விட்டு ஒரு கை அள்ளினார்.

"அப்ப நான் எதும்மேல ஒக்காந்திருக்கேன், கோரா?"

அனுப்பாமல் மெயிலில் கிடந்த கடிதத்தைப் படகுத்துறைக் கடையின் கம்ப்யூட்டரில் திறந்து இதை எழுதுகிறேன். இதுவரை மூன்று தடவை மணி அடித்துவிட்டது, ஒவ்வொரு தடவையும் ஊரே சேர்ந்து சத்தமாகப் படிக்கிறது. ஆகவே மேலே கேட்டதை விட்டுவிடுங்கள் சித்தி. நம்பவே முடியாத, சாயங்காலமானால் படுத்துவிடுகிற ஹோஸ்டிங் ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். என் பக்கத்தை அங்கே மாற்ற வேண்டும்.