ஏட்டையாவின் மூன்றாவது நாற்றங்கால்

மூன்றாவது தடவையாக விதைத்த நாற்றங்காலில் ஐந்து மயில்கள் நின்று காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தன. இசக்கியப்பன் வரப்பில் நின்று "ச்சூ!" என்றார். ஒரு மயில் மட்டும் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தது.

முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, போன தை மாதம்தான் இலஞ்சிக்குத் திரும்பியிருந்தார். ஊர் இன்னும் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டது. சொந்த வயலில் விளைந்த அரிசியை ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பிரிவுபசார விழாவில் மைக்கிலேயே சொல்லித் தொலைத்திருந்தார்.

முதல் இரண்டு நாற்றங்கால்களையும் மயில்கள் முளையோடு பொறுக்கிவிட்டன. கல்லெறிந்தால் சட்டம் விடாது. சட்டம் விட்டாலும் மனைவி ஆவுடைத்தாய் விடமாட்டாள். மயில் இலஞ்சிக் குமாரரின் வாகனம். மினுங்கும் நாடா கட்டினார். மயில்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டன. வெடி போட்டார். எங்கோ மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று மிரண்டு ஓடிவந்து நாற்றங்காலின் நட்டநடுவில் நின்றது.

"இந்தா பாருங்க, இதான் கடைசி," என்றாள் ஆவுடைத்தாய். "இந்த நாத்தும் போச்சுன்னா வயலைக் காளீஸ்வரிகிட்ட குத்தகைக்கு விட்டுட்டு கோயம்புத்தூருக்கு மவன்கிட்ட போயிருவோம். நாலாவது மாடி. அங்கன மயிலு ஏறி வராது."

"காளீஸ்வரிகிட்டயா? அவகிட்ட யாரு போய்ப் பேசுதது?"

"அதுக்குத்தான போலீஸ்காரரைக் கட்டியிருக்கேன்."

காளீஸ்வரி பக்கத்து வயல்காரி. தென்காசி வரை பேர் போன வாய். அவள் வாய்க்காலில் வேனைக் கழுவிய டிரைவர் ஒருவர் அதன்பிறகு குற்றாலத்துக்குச் சவாரியே எடுப்பதில்லை. நிலம் அளக்க வந்த சர்வேயர் சங்கிலியைப் போட்டது போட்டபடி போனார். அவள் அதைத் தென்னைக்குத் தென்னை இழுத்துக் கட்டித் துணி காயப்போடுகிறாள். அவள் புருஷன் கல்யாணமான மறுமாதம் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஓய்வு பெற்று வந்த மறுவாரமே கொச்சியில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார்.

வயலை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் தனியாக இருந்தாள். சுற்றிலும் ஆள் உயரச் சுவர். ஊரில் ஒருவரும் அதற்குள் கால் வைத்ததில்லை. கடையநல்லூரிலிருந்து தானியம் கொண்டுவரும் காஜா மட்டும் வாரம் ஒரு தடவை மூட்டையோடு உள்ளே போய், உயிரோடு வெளியே வருவார்.

அந்தக் காளீஸ்வரியின் நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நின்றது. அதில் ஒரு மயில்கூட இறங்கவில்லை. இசக்கியப்பனுக்குள் இருந்த போலீஸ்காரர் விழித்துக்கொண்டார்.

"ஏட்டி, அவ வயல்ல மயிலு ஏன் இறங்கல தெரியுமா?"

"ஏன்?"

"பயம். அவ வாய்க்குப் பயம்."

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தோப்புச் சுவருக்கு வெளியே போனைப் பிடித்தபடி குந்தியிருந்தார். உள்ளேயிருந்து ஏச்சு கணீரென்று கிளம்பியது.

"ஏலே மூதேவி! இப்பதான் வழி தெரிஞ்சுதா? நேத்தெல்லாம் எவ வீட்டு வாசல்ல கிடந்தே? ஏட்டி சிங்காரி, மினுக்கினது போதும், இங்கன வா! ஏலே, அடுத்தவன் பங்குல ஏம்ல வாய வைக்கே? வெக்கமா இல்ல உனக்கு?"

பதினோரு நிமிடம் பதிவு செய்தார். எதிராளியின் குரல் கேட்கவே இல்லை. காளீஸ்வரியிடம் ஏச்சு வாங்குகிறவர்கள் பதில் பேசாமல் நிற்பதுதான் ஊர் வழக்கம் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றே தென்காசிக்குப் போய் வயக்காட்டு ஸ்பீக்கர் ஒன்று வாங்கினார்.

"நாய் குரைக்கது, வேட்டுச் சத்தம் எல்லாம் இதுலயே இருக்கு அண்ணாச்சி," என்றார் கடைக்காரர்.

"நாயெல்லாம் வேண்டாம். எங்கிட்ட அதைவிடப் பெருசு இருக்கு."

மறுநாள் காலையில் நாற்றங்காலின் நடுவே கம்பு நட்டு, ஸ்பீக்கரைக் கட்டி, பட்டனை அமுக்கினார். "ஏலே மூதேவி!" என்றதும் ஐந்து மயில்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. பிறகு தலைதெறிக்க ஓடின. ஸ்பீக்கரை நோக்கி.

"பயத்துல திசை தெரியல, பாவம்," என்றார் இசக்கியப்பன்.

அடுத்த நாள் பன்னிரண்டு மயில்கள் நின்றன.

"என்னங்க, கூடிட்டுல்லா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"பழைய அஞ்சும் ஓடிப்போயிருக்கும். இது புதுசு. இதுக இன்னும் ஏச்சு வாங்கினதில்ல. சவுண்டு பத்தல."

கோயில் கொடைக்கு மைக்செட் போடுகிறவரிடம் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளை வாங்கிவந்து தென்னைமரத்தில் கட்டினார். இப்போது ஏச்சு வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, ஊருக்குள்ளும் போனது. மயில்கள் இருபத்தாறு ஆயின. அன்று சாயங்காலம் அய்யாத்துரை வந்தார். நாற்பது தென்னைக்குச் சொந்தக்காரர், ஊரில் நிமிர்ந்து நடக்கிறவர். குனிந்தபடி வந்தார்.

"ஏட்டையா, தம்பி பங்குல ரெண்டு தென்னையை நான் வளைச்சுப் போட்டது வாஸ்தவம்தான். திருப்பிக் கொடுத்துருதேன். அவளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"அவ உம்மையா ஏசுதா?"

"அடுத்தவன் பங்குல ஏன் வாய வைக்கேன்னு காலைலேருந்து கேக்காளே. வேற யாரைச் சொல்லுவா?"

மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில், கேட்காமலே வாக்குமூலம் கொடுத்த ஒரு ஆளை இசக்கியப்பன் பார்த்ததில்லை. ஆனால் மயில்கள் மட்டும் எதையும் ஒப்புக்கொள்கிற மாதிரி தெரியவில்லை. தின்றுகொண்டேயிருந்தன.

அது சாரல் காலம். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள் சாலையில் நின்றன. ஈரத்தலையோடு குடும்பம் குடும்பமாக இறங்கி வரப்பில் நின்று படம் எடுத்தார்கள். குழந்தைகள் நாற்றங்காலுக்குள் இறங்கி மயில்களுக்கு முறுக்குப் போட்டன. யாரோ போன் வரைபடத்தில் அந்த இடத்துக்கு மயில் பாயிண்ட் என்று பேர் வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அவித்த சோளம் விற்கிறவர் வண்டியைக் கொண்டுவந்து வயல் முகப்பில் போட்டார்.

"வாசல்ல ஆள் யாரும் இல்லையே, டிக்கெட் உண்டா?" என்று இசக்கியப்பனிடமே ஒருவர் விசாரித்தார்.

மூன்றாவது நாற்றங்காலில் மேற்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் பச்சை மிச்சம் இருந்தது.

அப்போதுதான் காளீஸ்வரி வந்தாள்.

ஊர்க்காரர்கள் ஒதுங்கினார்கள். அதைப் பார்த்து வேன்காரர்களும் ஒதுங்கினார்கள். இசக்கியப்பன் அவசரமாக ஒலிபெருக்கியை அணைக்கப் போனார், பட்டன் சிக்கிக்கொண்டது. "வெக்கமா இல்ல உனக்கு?" என்று காளீஸ்வரியின் குரல் தென்னைமரத்திலிருந்து கேட்டது. கீழே நின்ற காளீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. மயில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காம உன் கொரலை எடுத்தது தப்புதான், காளீஸ்வரி," என்றார் அவர்.

"இருக்கட்டும், ஏட்டையா."

"நீ நாலு ஏச்சு ஏசிட்டுப் போயேன்."

"நாலு நாளாச்சு," என்றாள் மெதுவாக.

"என்னத்த?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா இருக்குல்லா, அது போதும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இசக்கியப்பனுக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் ஏசியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

"கோயம்புத்தூருக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டேன்," என்றாள் ஆவுடைத்தாய்.

"நாளைக்கு ஒரு நாள் பொறு. இதுவரைக்கும் முக்கால் சவுண்டுலதான் வச்சிருந்தேன்."

மறுநாள் காலையில் குமிழைக் கடைசி வரை திருகினார். பண்பொழி மலையிலிருந்துகூட மயில்கள் புறப்பட்டு வந்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வரை எண்ணினார். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. மேற்கு மூலைப் பச்சையும் அவர் கண் முன்னாலேயே போனது. வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்த அரிசி இனி அவருக்கு இல்லை, நாலாவது மாடிதான்.

சாலையில் ஒரு மொபெட் வந்து நின்றது. காஜா இறங்கினார். பின்னால் ஒரு மூட்டை இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு மூட்டை கம்பு வாங்கிக்கிடுதியளா? காளீஸ்வரி அக்காவுக்குக் கொண்டாந்தது. இனிமே வேண்டாம்னுட்டு."

"கம்பை வச்சு நான் என்னடே செய்ய? இதுகளுக்கு விருந்து வைக்கவா?" என்றார் இசக்கியப்பன். "இந்த அநியாயத்தைப் பாரு காஜா. இம்புட்டு ஏச்சு வாங்கியும் ஒண்ணாவது நகருதா? ஊர்ல அவ்வளவு பேரும் திருந்திட்டான். இதுகளுக்குத்தான் சூடு சொரணை இல்ல."

காஜா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தென்னைமரத்துக் குரலைச் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு வயல் நிறைய நின்ற மயில்களையும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி நீங்க? பத்து வருசமா அந்தக்கா தெனம் காலைல தோப்புக்குள்ள கம்பை அள்ளிப் போட்டு, இப்படித்தான இதுகளைச் சாப்பிடக் கூப்பிடும்!"