பொட்டு வைத்த பம்ப்

காலை ஆறு ஐம்பது. பாபநாசத்துக்கு வெளியே, வயலை ஒட்டிய புதுக் கிடங்கில் நான் முதலில் பார்த்தது மாலை போட்ட கம்ப்ரஸரை. மாலை போட்டவர் மேல் தவறில்லை. அன்றைக்குத் தவறு செய்தவள் நான் ஒருத்திதான்.

வாழைப்பழம் வைக்கும் குளிர்கிடங்கு அது, இரண்டு அறை. சூடு புகாமல் இருக்கச் சுவரில் நுரை அடிக்கும் வேலை. இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, பீய்ச்சியதும் பொங்கி இறுகும். அப்போது காற்றில் கிளம்பும் ஐசோசயனேட் மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். வாசனையை நம்பி அதைக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை. தனியாகப் போன முதல் வேலை. (ஒரத்தநாட்டில் எங்கள் தெரு முழுக்க அம்மா சொல்லிவிட்டாள்.)

நுரை அடிப்பவர் சவரிராஜ். அவர் இடுப்பில் காற்றை இழுக்கும் ஒரு சின்ன பம்பைக் கட்டினேன். அது பாதுகாப்பு உடுப்புக்குள் மறைந்துவிட்டது. அதன் குழாய் நுனியில் இருந்த வட்ட டப்பியை வெளியே, கழுத்தோரம் மாட்டினேன். டப்பிக்குள் வடிதாள், முகப்பின் நடுவில் ஓட்டை. காற்று உள்ளே போக அது ஒன்றுதான் வழி. இதை அவருக்கு விளக்கவும் செய்தேன்.

“நல்லா அளந்து குடுங்க மேடம். வேலை செஞ்ச அன்னிக்கு சாயங்காலமானா நெஞ்சு இறுக்குது. காத்துக் குழாய் வச்ச மாஸ்க் கேட்டேன். நம்பர் வரட்டும், வாங்கலாங்கறாரு காண்ட்ராக்டர்.”

“கவலையே படாதீங்கண்ணே,” என்றேன், பெரிய டாக்டர் தோரணையில்.

கிடங்கு முதலாளி சந்தனத் தட்டோடு வந்தார். “எல்லா மெஷினுக்கும் வச்சாச்சு. உன் மெஷினுக்கும் வச்சிரும்மா.”

டப்பிக்கு வட்ட முகம், நடுவில் தோதான இடம். தாராளமாக அப்பினேன்.

சவரிராஜ் தயங்கினார். “மேடம், அங்க வைக்கலாங்களா?”

கிறிஸ்தவர், சங்கடப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. “எல்லாம் ஒரே சாமிதாண்ணே,” என்று தொடங்கி மத நல்லிணக்கம் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தன் சாதா முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கம்ப்ரஸர் சத்தத்தில் பம்ப் ஓடுகிறதா என்று காதில் விழாது. உடுப்புக்குள் இருந்ததால் கண்ணிலும் படாது. நான் வெளியே நின்று, என் பம்பின் துல்லியத்தை எலக்ட்ரீஷியனுக்கு விவரித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சவரிராஜ் வெளியே வந்து உடுப்பைக் கழற்றினார். பம்பில் சிவப்பு விளக்கு. ஓடிய நேரம்: நான்கு நிமிடம். (பேட்டரியைத்தான் முதலில் திட்டினேன்.) பிறகு டப்பியைப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து, சிமெண்ட் மாதிரி ஓட்டையை அடைத்திருந்தது.

“அதத்தான் மேடம் கேட்டேன்,” என்றார் சவரிராஜ். “நீங்க சாமியப் பத்திப் பேசுனீங்க.”

காண்ட்ராக்டரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். நல்லவேளை, இரண்டாம் அறை மறுநாளைக்குப் பாக்கி இருந்தது.

மறுநாளும் தட்டு வந்தது. சவரிராஜ் டப்பியைக் கையால் பொத்திக்கொண்டார். “அய்யா, இதுக்கு நெத்தி கிடையாதுங்க. வெறும் மூக்குதான்.”

இதை வீட்டில் சொன்னது என் இரண்டாவது தவறு. ஆயுத பூஜையன்று நான் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டாலே அம்மா குரல் கொடுப்பாள்: “மிக்ஸிக்கு மூக்கு எங்கருக்குன்னு பாத்து வைடி!”

இரண்டாம் அறையின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. சவரிராஜுக்குக் காற்றுக் குழாய் முகமூடி வந்தது. அறிக்கையில் முதல் அறைக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருக்கிறது.