அரை மணிக்கு ரெண்டு விறகு

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்த வேலை, அடுப்பில் விறகு போடுவது.

வீட்டு அடுப்பு இல்லை. போடிமெட்டுக்கு மேலே என் மச்சினன் சுருளியின் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோர். அடுப்பு வெளியே எரியும், சூடு குழாய் வழியாக அறைக்குள் போகும், உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சைக்காய், அறைக் கதவில் சூட்டின் அளவைக் காட்டும் முள். ஒரு முழு நாள் சூடு ஒரே சீராக நிற்க வேண்டும். ஏறினால் பச்சை போய்விடும்.

சுருளிக்குத் தேவாரத்தில் ஒரு கல்யாணம்.

"மாமா, அரை மணிக்கு ரெண்டு விறகு. முள்ளு அம்பதத் தாண்டக் கூடாது. அம்புட்டுத்தான் சோலி."

"இதுக்கு ஒரு ஆளா மாப்ளே?"

"அதான் உங்களக் கூப்பிட்டேன்."

இதில் இருந்த அர்த்தம் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவன் தலையை வெளியே நீட்டினான். "சும்மாதானே இருப்பீக. பாக்கெட்டுல ஒட்டுறதுக்கு இங்கிலீசுல ஒரு வரி எழுதி வச்சிருங்க. நம்ம காயோட பச்சை ரொம்ப நாள் நிக்கும்னு வரணும்."

துபாயில் ஒரு கடைக்காரர் சாம்பிள் கேட்டிருந்தார். இடையில் ஆள் இல்லாமல் நேராக விற்க சுருளிக்கு அதுதான் முதல் வாய்ப்பு. கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று, நல்ல பச்சை. அந்தச் சாம்பிள்தான் இப்போது என் பொறுப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருஷம் வெளியூரில் இங்கிலீஷில் மெயில் எழுதிப் பிழைத்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். விறகை யாரும் போடலாம். வரியை யார் எழுதுவார்?

போனில் அலாரம் அடித்தது. ரெண்டு விறகு போட்டேன். காகிதத்தோடு உட்கார்ந்தேன்.

'பெர்மனென்ட்' என்று எழுதி அடித்தேன். அது அரசாங்க வேலைக்குச் சொல்வது. 'எடர்னல்' கல்லறைக்கு. 'டியூரபிள்' பிளாஸ்டிக் சேருக்கு. 'எவர்கிரீன்' என்பதைப் பழைய பாட்டுப் போடுகிறவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'என்டூரிங்' நல்ல சொல்தான். ஆனால் அதில் பல்லைக் கடித்துப் பொறுத்துப் போகிற ஒரு தொனி இருக்கிறது. என்னோடு குடும்பம் நடத்துவதைப் பற்றி என் மனைவி சொல்லலாம். ஏலக்காய் சொல்லக் கூடாது.

அலாரம் அடித்தது. 'பர்பெச்சுவல்' சரிப்படுமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். நிறுத்தினேன். மறுபடி அடித்தது. சிந்தனையைக் கலைக்கிறதே என்று அலாரத்தையே எடுத்துவிட்டேன்.

தோட்டத்தில் காய் எடுக்கிற செல்லத்தாய் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தார்.

"என்னண்ணே, பரிச்சைக்குப் படிக்கிறீகளா?"

"ஒரு வார்த்தை தேடுறேன் ஆத்தா."

"தேடுங்க தேடுங்க. அடுப்புல பொகையக் காணமே?"

எழுந்து போய்ப் பார்த்தேன். சாம்பலுக்கு அடியில் கொஞ்சம் கங்கு. முள் முப்பத்தெட்டில்.

இந்த இடத்தில் விவரமானவன் ரெண்டு விறகு வைத்து ஊதியிருப்பான். நான் படித்தவன். நாலு தடவை விட்டுப்போயிருக்கிறது, ஆக எட்டு. இப்போதைக்கு ரெண்டு. பத்தையும் ஒன்றாகத் திணித்தேன்.

"எண்ணே, இம்புட்டு எதுக்கு?"

"விட்டுப்போனதையும் சேத்துப் போட்டேன் ஆத்தா."

"அடுப்புக்கு என்னண்ணே பாக்கி?"

காகிதத்துக்குத் திரும்பினேன். பத்து விறகும் பற்றிக்கொண்ட அந்த நேரத்தில்தான் எனக்கும் பற்றிக்கொண்டது. 'கிரீன் தட் லாஸ்ட்ஸ்.' மூன்றே சொல். வாய்விட்டு ரெண்டு தரம் படித்துப் பார்த்தேன். சுகமாக இருந்தது. கொஞ்சம் புழுக்கமாகவும் இருந்தது.

போன் அடித்தது. கல்யாண மேளத்துக்கு நடுவில் சுருளி.

"மாமா, எப்படி இருக்கு?"

"வந்திருச்சு மாப்ளே."

"என்ன வந்திருச்சு?"

"வரி."

சுருளி மேளத்துக்கு மேலே கத்தினான்.

"முள்ளு எதுல நிக்கிது?"

திரும்பிப் பார்த்தேன். எழுபத்தைந்து. நிற்கவும் இல்லை.

"போயிட்டிருக்கு" என்றேன். பொய் இல்லை.

செல்லத்தாயின் குடத்தைப் பிடுங்கி அடுப்பில் கவிழ்த்தேன். அறைக் கதவைத் திறந்தேன். ஆவியும் மணமும் முகத்தில் அடித்தன. மணம் பிரமாதம். தட்டில் இருந்த காய் எல்லாம் வைக்கோல் நிறம், பாதி வாய் பிளந்திருந்தது.

செல்லத்தாய் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "சாரமில்லண்ணே" என்றார். மலையாளத்தில் 'பரவாயில்லை' என்று அர்த்தம். மலை மேலே இதை, ஒன்றும் செய்வதற்கில்லாத நேரத்தில்தான் சொல்வார்கள்.

சாயங்காலம் சுருளி தாம்பூலப் பையோடு வந்து இறங்கினான். தட்டுகளைப் பார்த்தான். கையை நீட்டினான். காகிதத்தைக் கொடுத்தேன்.

"இதுக்கு என்ன அர்த்தம் மாமா?"

"பச்சை நீடிச்சு நிக்கும்னு."

"எம்புட்டு நேரம் நின்னுச்சு?"

"மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

துபாய்க்காரர் நல்ல மனுஷன். அடுத்த காயெடுப்பு வரை பொறுத்தார். அந்தத் தடவை சாம்பிள் பச்சைப்பசேல் என்று போனது. என் வரியை ஒட்டித்தான் போனது. விறகு போட்டவர் செல்லத்தாய். அன்று எனக்கு மலையேறவே அனுமதி இல்லை.

வெளுத்த காயைச் சுருளி ஒரு மூட்டையாகக் கட்டி அக்கா வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, அனுப்பிவைத்தான். என் மனைவி அதை டீயில் போடுகிறாள், பாயசத்தில் போடுகிறாள், கோபம் வந்தால் ரசத்திலும் போடுகிறாள். ஆறு மாதம் ஆகிறது. மூட்டை பாதிகூடக் குறையவில்லை.

இப்படி நீடித்து நிற்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று நான் தேடவில்லை.